மடை திறக்கணும் என்கிறார் அப்பா

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் கிராமம். அம்மாவும் அவரும் மட்டும்தான் இருக்கிறார்கள். நான் தாம்பரத்தில், தம்பி சிங்கப்பூரில். ஆறு மா நிலத்தை நான்கு வருடமாகக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். இரண்டு வருடமாக அப்பாவுக்குக் கொஞ்சம் மறதி உண்டு. பால்காரருக்கு ஒரே மாதக் கணக்கை இரண்டு தடவை கொடுத்தார். ஆறு வாரம் முன்பு ராத்திரி கொல்லைப்பக்கம் போனவர் வழுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை, முழங்கையில் சிராய்ப்புதான். மூன்று வாரமாக ஆளே மாறிவிட்டார். பகலெல்லாம் தூக்கம். ராத்திரி எழுந்து "மடை திறக்கணும்" என்று டார்ச் லைட்டோடு கிளம்புகிறார். அம்மாவை இறந்துபோன அத்தை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆனால் சில நாள் காலையில் நன்றாக இருக்கிறார், பேப்பர் கூடப் படிக்கிறார். சர்க்கரை நல்ல கட்டுப்பாடு, மூன்று மாத சராசரி 6.1தான். ஊரில் "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். இது அல்சைமரா? தம்பி, "உன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடு, இல்லாவிட்டால் கும்பகோணத்தில் ஒரு ஹோமில் சேர்க்கலாம், அதற்கு முன்னால் நிலத்தை எழுதி வாங்கிவிடலாம்" என்கிறான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்பாவின் மாத்திரைகளைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.
— ஒரு மகள், தாம்பரம்

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாளைக்கே, முடியாவிட்டால் இந்த வாரம் தாண்டாமல், அப்பாவுக்குத் தலையில் சி.டி. ஸ்கேன் எடுத்துவிடுங்கள். உங்கள் ஊருக்குத் திருவாரூர் மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரம்தான், தஞ்சாவூரும் எட்டும் தூரம்தான். அங்கே இருக்கும் மருத்துவரிடம், "ஆறு வாரம் முன்னால் விழுந்தார், மூன்று வாரமாகக் குழப்பமாக இருக்கிறார், தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குமேல் அவருக்கு விளக்க வேண்டியிருக்காது.

உங்களுக்கு விளக்குகிறேன். வயது கூடக் கூட மூளை சற்றுச் சுருங்குகிறது. மண்டையோடு சுருங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் அதனால் இழுபட்டே இருக்கின்றன. தலை தரையில் மோதக்கூட வேண்டாம், விழுந்த வேகத்தில் குலுங்கினாலே அவற்றில் ஒன்று கிழிந்துவிடலாம். இருபது வயதுப் பையனுக்கு உள்ளே இடமில்லை, கசிந்தால் உடனே தெரிந்துவிடும். 79 வயதில் இடம் இருக்கிறது. ஆஸ்பிரின் ரத்தத்தைச் சீக்கிரம் உறையவும் விடாது. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சேர்ந்து, வாரக்கணக்கில் கழித்துத்தான் மூளையை அழுத்த ஆரம்பிக்கும். அதற்குள் வீட்டில் எல்லோரும் அவர் விழுந்ததையே மறந்திருப்பார்கள். நீங்கள் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதுவே பாதி வேலை.

உங்கள் அப்பாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பகல் தூக்கமும், ஒரு நாள் தெளிவு ஒரு நாள் கலக்கம் என்று மாறி மாறி வருவதும் அதற்குப் பொருந்துகிறது. இருந்தால் மண்டையில் சிறு துளை போட்டு வடித்துவிடலாம், அதன் பிறகு பலர் பழையபடி ஆகிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் ஒரு பெரிய பயம் தீர்ந்தது. எழுப்பினால் எழாமல் கிடந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ நாளை வரை பொறுக்க வேண்டாம். உடனே 108.

இப்போது அல்சைமருக்கு வருவோம்.

நம் பக்கத்துப் பாட்டிமார்கள் காய்ச்சல் உச்சத்தில் பிதற்றுகிறவரைப் பார்த்து "ஜன்னி கண்டுடுச்சு" என்பார்கள். மருத்துவத்தில் டெலிரியம் என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். நாம் தெரிந்துகொள்ளாத ஒரே விஷயம், முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் ஜன்னி காணும் என்பது. நுரையீரலில் கிருமி இறங்கியிருக்கும், உடம்பு சுடாது. சிறுநீர் அடைத்திருக்கும், வயிற்றை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. உடம்பில் எங்கே கோளாறு என்றாலும் முதலில் தடுமாறுவது புத்தியாக இருக்கும்.

அல்சைமர் கரை அரிக்கிற மாதிரி வரும். வருடக்கணக்கில், தினமும் ஒரு பிடி மண். பக்கத்திலேயே இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது, பொங்கலுக்கு ஊருக்கு வருகிற பிள்ளை கண்டுபிடிக்கும். ஜன்னி, உடைப்பு எடுத்த மாதிரி. நேற்று இருந்த கரை இன்றைக்கு இல்லை. உடைப்பு எடுத்தால் ஊரில் யாரும் "பழைய கரைதானே, அப்படித்தான்" என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கே ஒழுகியது, நண்டு வளையா, எலி வங்கா என்று பார்ப்பார்கள். மூன்று வாரத்தில் மாறிய மனிதரை மட்டும் "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறோம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். அப்பா தெளிவாக இருக்கும் ஒரு காலையிலும், கலங்கியிருக்கும் ஒரு மாலையிலும், பங்குனியில் ஆரம்பித்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். பங்குனி, மாசி, தை, மார்கழி. காலையில் கடகடவென்று சித்திரை வரை போய்விட்டு, மாலையில் தையிலேயே நின்று வேறெங்கோ பார்த்தால், அறுந்தது ஞாபகம் அல்ல, கவனம். ஜன்னியின் அடையாளம் அதுதான்.

இப்படி நம்பிக்கையோடு பேசுகிறேனே, நானே ஒரு காலத்தில் இதைத் தவறவிட்டவன். நான் பயிற்சி மருத்துவனாக இருந்தபோது திருவையாற்றில் என் பெரியப்பா நான்கு நாளாகப் பிதற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் "டாக்டர் தம்பி, என்னன்னு பாரேன்" என்றார்கள். நாடி பார்த்தேன், பிரஷர் பார்த்தேன், "80 ஆச்சு, இனிமே இப்படித்தான் பெரியம்மா" என்று வாக்குச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் வேறு ஒரு வேலையாக வந்த செவிலியர் அவர் வேட்டியைத் தளர்த்தி அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். கல் மாதிரி இருந்ததாம். டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் இறங்கியது. அதற்கடுத்த நாள் காலை என்னைப் பார்த்து, "படிச்சு என்னடா பண்ணினே?" என்று கேட்டார். சளிக்கு வாங்கிப் போட்ட மாத்திரை, ஏற்கெனவே வீங்கியிருந்த ப்ராஸ்டேட்டோடு சேர்ந்து அடைத்துவிட்டது. நான் முதியோர் மருத்துவத்துக்கு வந்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

அதனால்தான் உங்கள் படத்தில் சளி மாத்திரையைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. மொத்தம் பதினொரு வகை எண்ணினேன். மூன்று மருத்துவர்கள் எழுதியவை, இரண்டு மெடிக்கலில் கேட்டு வாங்கியவை. ஒவ்வொருவரும் தன் நோய்க்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் எழுதியதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நடந்தது இப்படி இருக்கும் என்று ஊகிக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, சிறுநீர் தடையில்லாமல் போக டாம்சுலோசின். இவை சேர்ந்தால் படுத்து எழும்போது அழுத்தம் சரியும், கண் இருட்டும். அதைத் "தலைசுற்றல்" என்று போய்ச் சொன்னதும் சின்னாரிசின் கொடுத்திருக்கிறார்கள். அது கொஞ்ச நாளைக்கு மட்டும் சாப்பிட வேண்டியது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் முதியவர்களுக்கு நடை தளர்ந்து, கை நடுங்கி, உடம்பு விறைத்துப் போகும், பார்க்கிறவர்கள் பார்க்கின்சன் நோய் என்றே நினைத்துவிடுவார்கள். நடை தளர்ந்தால் விழுவார்கள். விழுந்த வலிக்கு டைக்ளோஃபினாக். அது ரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். அழுத்தம் கூடியதால் இன்னொரு மாத்திரை. ராத்திரி தூக்கமில்லை என்று அல்ப்ரசோலம். சளிக்குக் குளோர்ஃபெனிரமின். ஒரு மாத்திரை உண்டாக்கிய தொந்தரவுக்கு இன்னொரு மாத்திரை என்று நீண்டுகொண்டே போகும் இதை நான் தினமும் பார்க்கிறேன்.

எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாக அல்ப்ரசோலத்தை ஒரே நாளில் நிறுத்தினால் குழப்பம் இன்னும் கூடும், வலிப்பு கூட வரலாம். ஒரு மஞ்சப்பையை எடுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையும், சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருப்பது, தலையணைக்கு அடியில் இருப்பது, சூரணம், லேகியம், கண் சொட்டு மருந்து வரை அதில் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு மருத்துவர் முன்னால் மேசையில் கொட்டுங்கள். "இதில் எதெல்லாம் இன்னும் தேவை?" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து முதியோர் மருத்துவத்தில் இதைவிடச் செலவு குறைந்த, இதைவிடப் பலன் தரும் பரிசோதனை கிடையாது.

சர்க்கரை 6.1 என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நாற்பது வயதுக்காரருக்கு அது நல்ல எண். 79 வயதில், சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறவருக்கு அது சர்க்கரை பல நேரம் தரைதட்டுகிறது என்பதற்கு அறிகுறியாக இருக்கலாம். இந்த வயதில், இத்தனை உபாதைகள் உள்ளவருக்கு 8 வரைகூட நாங்கள் விட்டுவிடுவோம். தாழ்சர்க்கரை ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு வந்தால் வியர்வை, படபடப்பு எல்லாம் சிலருக்குத் தெரியாது. எழுந்து உட்கார்ந்து சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், எங்கேயாவது கிளம்புவார்கள். அடுத்த தடவை "மடை" என்று எழுந்தால், முதலில் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், விழுங்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கும் பட்சத்தில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். காலையில் முதல் வேலையாக அந்த மாத்திரையை எழுதிய மருத்துவரிடம் பேசுங்கள்.

ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். இருக்க வேண்டியது 135 முதல் 145. அவருடைய பிரஷர் மாத்திரை ஒன்றில் சிறுநீரைப் பிரிக்கும் மருந்தும் கலந்திருக்கிறது. "பிரஷருக்கு உப்பு ஆகாது" என்று அம்மா ரசத்தில்கூட உப்புப் போடாமல் இருந்தால் இரண்டும் சேர்ந்து சோடியம் இறங்கிவிடும். இறங்கினால் முதலில் சோர்வு, பிறகு தள்ளாட்டம், பிறகு குழப்பம். சிறுநீரகம், தைராய்டு, பி12 மூன்றையும் அதே ஊசிக் குத்தில் பார்த்துவிடலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது வழக்கம்.

சிறுநீர்ப் பரிசோதனையில் "கிருமி இருக்கிறது" என்று வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானம். முதியவர்கள் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். எரிச்சலோ காய்ச்சலோ அடிவயிற்று வலியோ இல்லாமல், அந்தத் தாளை மட்டும் வைத்து எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுவிட்டு மற்றதைத் தேடாமல் விடுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும் சோம்பேறித்தனம்.

படுக்கவைத்து ஐந்து நிமிடம் கழித்து ஒரு தடவை, எழுந்து நிற்கவைத்து ஒன்றாம் நிமிடமும் மூன்றாம் நிமிடமும் என்று ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் எண் 20 இறங்கினாலோ, கீழ் எண் 10 இறங்கினாலோ விழுந்ததற்குக் காரணம் கொல்லையில் படிந்த பாசி மட்டும் அல்ல. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் ஊருக்கு வரும் பெண்ணிடம் சொன்னால் அவரே வீட்டில் வைத்துப் பார்த்துவிடுவார். உட்காரவைத்து மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்று எழுதப்பட்ட சீட்டுகள் எனக்கு நிறைய வருகின்றன.

"வயசாச்சு" என்று சொல்கிற ஊர்க்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வயது சில காரியங்களைச் செய்யத்தான் செய்கிறது. தூக்கம் லேசாகும். தாகம் தெரியாது. தெரிந்தவர் பெயர் தொண்டையில் நின்று, அவர் தெரு முனையைத் தாண்டிய பிறகு வெளியே வரும். சிறுநீரகம் மெதுவாக வடிகட்டும், அதனால் அறுபதில் சரியாக இருந்த மருந்தளவு எண்பதில் அதிகமாகிவிடும். ஆனால் மனைவியைத் தங்கை என்று மூன்றே வாரத்தில் நினைக்கவைக்கும் சக்தி வயதுக்கு இல்லை. இதைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கே நாளாயிற்று. முதியோர் மருத்துவத்துக்கு ஒரு தனிப் பெயரே 1909ல்தான் வந்தது, நாஷர் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்தது. 1935ல் லண்டனில் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவர், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வருடக்கணக்கில் படுக்கையிலேயே போட்டுவைத்திருந்த முதியவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்து, எழுப்பி, நடக்கவைத்தார். பலர் வீட்டுக்கே திரும்பிப் போனார்கள். நம் நாட்டில் இதற்கென்று தனிப் பிரிவைச் சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978ல் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.டி. படிப்பாக வந்தது 1996ல். கும்பகோணத்தில் என் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு "முதியோர் இல்லமா சார்?" என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

இனி ராத்திரி விஷயம். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாலும் ஜன்னி உடனே இறங்காது. சில நாளும் ஆகும், சில வாரமும் ஆகும். அதுவரை சமாளிக்க வேண்டும்.

அவர் "மடை திறக்கணும்" என்றால் "நிலந்தான் குத்தகைக்கு விட்டாச்சே" என்று அம்மா திருத்த வேண்டாம். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை, கடைமடைப் பக்கம் முறை வைத்துத் தண்ணீர் விட்ட காலங்களில் நம் முறை ராத்திரி இரண்டு மணிக்கு வரும். தூங்கிப்போனால் பக்கத்து வயலுக்குப் போய்விடும். அந்தப் பதைப்பு ஐம்பது வருடம் உடம்பில் ஊறியது. அவருடைய நேரத்தில் அவர் சரியாகத்தான் எழுகிறார். "மடை திறந்தாச்சு, குத்தகைக்காரத் தம்பி நிக்கிறான், தண்ணி பாயுது, நீங்க ஒரு வாய் பால் குடிச்சிட்டுப் படுங்க" என்றால் பெரும்பாலும் அடங்கிவிடுவார். அடங்காவிட்டால் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நாலு சுற்று நடந்துவிட்டுப் படுக்கலாம். மல்லுக்கட்டினால் அடிக்கவும் கை ஓங்குவார், அது அவர் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பெரிய பயம் மடைக்குப் போகிற வழியில் இருக்கும் வாய்க்கால்தான். ஐப்பசி அடைமழையில் கரை தெரியாமல் ஓடும். வாசல் கதவிலும் கொல்லைக் கதவிலும் ஒரு மாட்டு மணியைக் கட்டித் தொங்கவிடுங்கள், திறந்தால் அம்மாவுக்குக் கேட்கும். தாழ்ப்பாளைக் கதவின் உச்சியில் போடுங்கள், குழப்பத்தில் இருப்பவர்கள் மேலே தேடுவதில்லை. வெளியே பூட்டு மட்டும் வேண்டாம், தீ விபத்து என்றால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வார்கள். படுக்கைப் பக்கத்திலிருந்து கொல்லை வரை மங்கலான ஒரு விளக்கு விடிய விடிய எரியட்டும். அதைவிட நல்லது, கொஞ்ச நாளைக்கு ராத்திரி கொல்லைக்கே போகாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி போட்டுவிடுவது. தொய்ந்த கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுவது முதியவர்களுக்கு மலையேற்றம், ஒரு மரக்கட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். கண்ணாடியும் காதுக் கருவியும் இருந்தால் பகலில் கட்டாயம் போட்டிருக்கட்டும். பகலில் திண்ணையில் வெளிச்சத்தில் உட்காரவையுங்கள், படுக்கவிடாதீர்கள். தெருவில் போகிறவர்கள் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள், அதுவும் மருந்துதான். கஞ்சியும் ரசஞ்சாதமும் மட்டும் போதாது, முட்டை, மீன், பயறு, தயிர் ஏதாவது தினமும் இரண்டு வேளை சேர வேண்டும். வாரக்கணக்கில் படுத்தே கிடந்தால் தொடைச் சதை கரைந்து, குழப்பம் தெளிந்த பிறகு எழுந்து நடக்கக் கால் இருக்காது.

தாம்பரத்துக்குக் கூட்டிப் போகலாமா என்றால், இப்போது வேண்டாம். ஜன்னியில் இருப்பவருக்குப் பழகிய நிலைப்படி, பழகிய தூண், பழகிய குரல் இவைதான் பிடிமானம். உங்கள் அடுக்குமாடி வீட்டில் ராத்திரி எழுந்தால் எந்தக் கதவு எங்கே போகிறது என்றே தெரியாது. ஹோம் பற்றியும் இதே பதில்தான். ஹோமில் சேர்ப்பது பாவம் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை, சில குடும்பங்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் உடைப்பை அடைக்காமல் ஊரைக் காலிசெய்வது என்ன முடிவு? காரணம் தெரிந்து, மூன்று மாதம் கழித்து அவர் எந்த நிலையில் நிற்கிறார் என்று பார்த்துவிட்டு மூன்று பேரும் அவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

அவரைக் கூட்டிவருவதற்குப் பதில் நீங்கள் பத்து நாள் போய் இருங்கள். தம்பி வரமுடியாது என்றால் ராத்திரிக்கு ஓர் ஆள் வைக்கப் பணம் அனுப்பட்டும். உங்கள் வீட்டு நிலைமை ஒன்றும் புதிதல்ல. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்துப் பேருக்கு ஒருவர் அறுபதைத் தாண்டியவர். நம் டெல்டா கிராமங்களில் பிள்ளைகள் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட, தெருவுக்குத் தெரு இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடுகள்தான். யாரையும் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இரண்டு பேர் என்றேன். இத்தனை நீளக் கடிதத்தில் அம்மாவுக்கு என்ன வயது என்றுகூட நீங்கள் எழுதவில்லை. மூன்று வாரமாக ராத்திரி முழுக்க விழித்திருப்பது அவர்தான். கட்டிய புருஷன் தன்னை நாத்தனார் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைத் தினமும் கேட்பதும் அவர்தான். அவருக்கும் பிரஷர் மாத்திரை இருக்கும், அதை இந்தக் களேபரத்தில் சாப்பிடுகிறாரா? போன வருடம் ஒரு வீட்டில் கணவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். அவரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, பக்கத்தில் நின்ற அந்த அம்மாள்தான் மயங்கி விழுந்தார். நீங்கள் போகும் பத்து நாளில் முதல் இரண்டு ராத்திரி அம்மாவை வேறு அறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள்.

நிலம் எழுதி வாங்குவது பற்றி ஒரு மருத்துவனாக நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். குழப்பத்தில் இருப்பவரிடம் எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்காதீர்கள். அது செல்லாது என்று பின்னால் ஒருவர் வழக்குப் போட்டால், என்னைப் போன்ற ஒருவன் கூண்டில் ஏறி "அன்றைக்கு அவருக்குத் தெளிவு இல்லை" என்று சொல்ல வேண்டிவரும். அவர் தெளிந்த பிறகு, அவராக விரும்பி எழுதினால், பெற்றோரைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007ல் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அப்படி நிபந்தனை இருந்து, பராமரிக்காமல் விட்டால் எழுதிக்கொடுத்ததை ரத்துசெய்யக் கோட்டாட்சியரிடம் போகலாம். மற்றதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567, அம்மாவின் போனில் பதிந்துவையுங்கள்.

கடைசியாக அந்த இரண்டு வருட மறதி. அதை நான் ஒதுக்கவில்லை. பால்காரருக்கு இரண்டு தடவை கொடுத்தது கரை அரிப்பாக இருக்கலாம், ஏற்கெனவே அரித்த கரையில்தான் உடைப்பும் எளிதாக எடுக்கும். ஆனால் ஞாபகத்தைச் சோதிப்பதற்கு இது நேரமல்ல, ஜன்னி முழுவதும் தெளிந்து இரண்டு மூன்று மாதம் போகட்டும். அப்போது என்னிடம் கூட்டிவந்தால், பிரதமர் யார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்பதோடு நிறுத்த மாட்டேன். விவசாயியிடம் "மேட்டூர் என்னிக்குத் திறப்பாங்க?" என்று கேட்பது என் வழக்கம். "ஜூன் 12" என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள், அது அழியாத ஞாபகம். அடுத்த கேள்விதான் சோதனை. "இந்த நாலஞ்சு வருஷமா அப்படித்தான் திறக்கிறாங்களா?" 2022ல் மே 24லேயே திறந்துவிட்டார்கள், 2024ல் ஜூலை 28 வரை இழுத்தது. குறுவையை இழந்தவரோ, இழந்தவர்களோடு டீக்கடையில் உட்கார்ந்தவரோ அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். பழையது நிற்கும், புதியது தங்காது என்பது அல்சைமரின் வழி. அது இருக்கிறது என்று தெரிந்தாலும் செய்வதற்கு நிறைய உண்டு, அப்போது பேசலாம்.

மன்னை எக்ஸ்பிரஸ் தாம்பரத்திலேயே நிற்கும், ராத்திரி ஏறினால் காலையில் மன்னார்குடி. போகும்போது ஒரு குளுக்கோமீட்டர் வாங்கிக்கொண்டு போங்கள். ஸ்கேன் முடிவும் சோடியம் எண்ணும் வந்ததும் எழுதுங்கள், அம்மாவின் வயதையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்து.